புதுச்செவியும் பொற்செவியும்

'பனிமூட்டம்' குழுவை முதன்முதலில் மேடையில் பார்த்தபோது பாலகுமாருக்கு ஆன மொத்தச் செலவு ஒரு ஜோடி ஹவாய் செருப்பு. அருவங்காட்டில் ஆயுத பூஜைக்கு மறுநாள், மைதானத்துச் சேற்றில் கூட்டத்தோடு கூட்டமாகக் குதித்ததில் இடது கால் செருப்பு எங்கோ போய்விட்டது. ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வலது காலுடையதையும் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார். டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. பாட வந்த நான்கு பையன்களுக்கே டீயும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும்தான் கொடுத்தார்கள்.

அப்போது அவருக்கு இருபது வயது. அதன்பின் வயது ஏற ஏறச் செலவும் கூடவே ஏறியது. கல்யாணமான புதிதில் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக அவர்கள் பாடினார்கள். அதற்கு இரண்டு டிக்கெட், மனைவி சுகுணாவுக்குப் பூ, திரும்பி வர ஜீப். பிறகு ஊட்டியில் ஒரு கோடை விழாவில் பாடினார்கள். அதற்கு மகள் ரேஷ்மாவுக்கு ஒரு பலூன், பலூன் வெடித்து அழுததற்கு இன்னொரு பலூன். அதற்கும் பிறகு கோயம்புத்தூரில் ஒரு மண்டபத்தில் பாடினார்கள். அந்த வயதில் பின்வரிசையில் உட்கார்ந்தால் கண் தெரியவில்லை, முன்வரிசையில் உட்கார்ந்தால் காது தாங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த வரிசைகளுக்குத்தான் விலை அதிகம் என்பதை அன்றுதான் கவனித்தார். இது தவிர முட்டிக்கு மாட்டும் பட்டை, தைலம், ராத்தங்கல்.

நல்லவேளையாக அதோடு குழு கலைந்துவிட்டது. பாடகர் விஜயபாஸ்கர் சென்னைக்குப் போய் ஏதோ வியாபாரம் செய்வதாகக் கேள்வி. மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பாலகுமாரின் சம்பளத்துக்கும் ஆசைக்கும் இடையே நல்லுறவு திரும்பியது.

அது நீடித்திருக்கும். ஆனால் எங்கேயோ யாரோ ஒரு பிள்ளை, பூனை ஒன்று சோபாவிலிருந்து வழுக்கி விழும் காட்சிக்குப் பின்னணியாகப் பனிமூட்டத்தின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டு இணையத்தில் விட்டுவிட்டது. ஒரே மாதத்தில் ஊர் உலகமெல்லாம் அந்தப் பூனையும் அந்தப் பாட்டும்தான். குழு மறுபடி ஒன்றுசேர்கிறது, அதுவும் நீலகிரியிலேயே, ஒரு எஸ்டேட் புல்வெளியில், ஒரே ஒரு மாலை என்று செய்தி வந்தது. நடத்துவது பெங்களூரில் இருக்கும் 'நெஞ்சலை எக்ஸ்பீரியன்சஸ்' என்ற நிறுவனம்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ரேஷ்மாவிடம் டிக்கெட் போடச் சொன்னார்கள். அவள் அன்றைக்கே கூப்பிட்டு, இதற்கு அப்படியெல்லாம் போனில் டிக்கெட் போட முடியாது, நேரில் போய்ச் 'செவி மதிப்பீடு' செய்துகொள்ள வேண்டுமாம் என்றாள். காது டாக்டரிடமா என்று சுகுணா கேட்டாள். இல்லை, குன்னூரில் ஒரு ஹோட்டலில் என்று பதில் வந்தது.

*

ஹோட்டலின் விருந்துக் கூடத்தில் இருவரையும் வரவேற்றவன் அஸ்வந்த். கழுத்தில் அட்டை தொங்க, எந்தக் கேள்வி கேட்டாலும் கேட்டதற்காக நன்றி சொல்லும் பையன். நிறுவனத்தில் அவன் பதவியின் பெயர் 'உணர்வு விலை மேலாளர்'. இவர்கள் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார்கள்.

டிக்கெட் இரண்டு வகை என்று அவன் விளக்கினான். பனிமூட்டத்தை இதுவரை கேட்டிராதவர்களுக்குப் 'புதுச்செவி'. மேடைக்கு நேர் முன்னால், நின்றுகொண்டு. கேட்டு வளர்ந்தவர்களுக்குப் 'பொற்செவி'. பின்னால், கண்ணாடிக் கூடாரத்துக்குள், நாற்காலி, போர்வை, ஹீட்டரோடு. புதுச்செவியின் விலை ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு அளவில் இருந்தது. பொற்செவியின் விலையைச் சொன்னபோது, மதிப்பீடு செய்ய வேண்டியது தன் காதைத்தான் போலிருக்கிறது என்று பாலகுமார் நினைத்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவன் நன்றி சொல்லிவிட்டு அதையே சொன்னான்.

பழைய ஆட்களுக்கு எதற்கு இத்தனை விலை என்று பாலகுமார் கேட்டார்.

"டிக்கெட் எல்லாரும் விக்கறாங்க சார். நாங்க டிக்கெட் விக்கல" என்றான் அஸ்வந்த். "பாட்டக் கேட்டதும் உங்க தொண்டைல அடைக்குது பாருங்க, அதுக்குத்தான் விலை வைக்கறோம். இருபது வயசுப் பையனுக்கு இது வெறும் பாட்டு. உங்களுக்கு இது வாழ்க்கை. வாழ்க்கையப் பாட்டு விலைக்குக் குடுத்தா உங்கள அவமானப்படுத்தற மாதிரி ஆயிடும். எங்க கம்பெனி யாரையும் அவமானப்படுத்தாது சார்."

அவமானத்தைத் தாங்கிக்கொள்ளத் தான் தயாராக இருப்பதாகப் பாலகுமார் சொல்லிப் பார்த்தார். அது கொள்கைக்கு விரோதம் என்றான். சரி, ரயிலில் பஸ்ஸில் எல்லாம் பார்த்த மாதிரி மூத்த குடிமக்களுக்கு ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, உண்டு, பத்து சதவீதம் கூடுதல் என்றான்.

"கூடுதலா?"

"மரியாதை சார்."

மூத்த குடிமகன் ஆக இன்னும் சில மாதம் இருக்கிறது என்று பாலகுமார் அவசரமாகச் சொன்னார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் ஓய்வு நாள் தள்ளி இருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

புதுச்செவி டிக்கெட் எடுப்பவர்களுக்குச் சில நிபந்தனைகளும் இருந்தன. பாட்டு முடிந்ததும் கைதட்டலாம். "நல்லா இருக்கே" என்று வியக்கலாம். கூடச் சேர்ந்து பாடக் கூடாது. பாடினால் ஏற்கெனவே தெரியும் என்று பொருள், அங்கேயே பொற்செவியாக மாற்றப்பட்டு மீதிப் பணம் வசூலிக்கப்படும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், முதல் முறை கேட்பவர்களின் முகத்தில் வரும் வியப்பைக் கேமராவில் பிடித்து, உள்ளே கண்ணாடிக் கூடாரத்தில் பெரிய திரையில் காட்டுவார்களாம். பொற்செவிகள் கொடுக்கும் பணத்தில் அதைப் பார்ப்பதற்கான கட்டணமும் சேர்த்தி.

யார் எந்தச் செவி என்பதை நாமே சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். காலடியில் ஒரு மெத்தை விரிப்பு. அதற்குள் கருவி. பனிமூட்டத்தின் 'மலையேறி வா' பாட்டைப் போடுவார்கள். காலால் தாளம் தட்டினால் பொற்செவி. தட்டாவிட்டால் புதுச்செவி.

வரிசையில் இவர்களுக்கு முன்னால் போனவர் அருவங்காட்டுக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு லிங்கசாமி. பனிமூட்டம் பாட்டு முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம் என்பது குடியிருப்புக்கே தெரியும். அவர் புதுச்செவிக்கான பச்சை அட்டையோடு வெளியே வந்து, பாலகுமாரைச் சுவரோரம் இழுத்துப்போய், காது மெஷினைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போனதாகக் காதோடு காதாகச் சொன்னார். காதோடு காதாக என்று அவர் நினைத்துக்கொண்டார். மெஷின் இன்னும் பாக்கெட்டில்தான் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

முதலில் சுகுணா உட்கார்ந்தாள். மதிப்பீடு செய்யும் பெண் மனிஷா பாட்டைப் போட்டாள்.

சுகுணா அங்கன்வாடியில் வேலை செய்பவள். இத்தனை வருடமாகத் தினமும் காலையிலிருந்து மத்தியானம் வரை குழந்தைகளோடு பாடி ஆடுகிற உடம்பு. கிடார் தொடங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். முதல் வரி முடிவதற்குள் வலது கால் போயிற்று. அதைப் பிடிக்கக் குனிந்தபோது இடது கால் போயிற்று. இரண்டாவது வரியில் தோள், மூன்றாவதில் கை. நான்காவதில், எதிரே குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லாரும் சேர்ந்து பாடுங்க என்பதுபோல் மனிஷாவைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மனிஷாவும் பாடிவிட்டாள். பிறகு ஞாபகம் வந்து, கணினியில் 'பொற்செவி, முதல் தரம்' என்று பதிந்தாள்.

அடுத்தது பாலகுமார். அவர் அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வெடிமருந்துப் பிரிவில் காலம் தள்ளுகிறவர். அங்கே காலைத் தூக்கி வைக்கவும் ஒரு முறை உண்டு, இறக்கி வைக்கவும் ஒரு முறை உண்டு. உரசல் கூடாது, தட்டல் கூடாது. உட்கார்ந்ததும் அவர் தன் கால்களை அந்தப் பிரிவுக்குள் அனுப்பிவிட்டார். மனத்தை ஓய்வூதியக் கணக்குக்கு அனுப்பினார். 'மலையேறி வா' முழுதாக ஓடி முடிந்தது. விரிப்பில் ஒரு அசைவு இல்லை. மனிஷா கருவி வேலை செய்கிறதா என்று ஒருமுறை தன் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அஸ்வந்த் கைகுலுக்கினான். இப்படிப்பட்ட மனசு கிடைப்பது அபூர்வம், ஒரு கீறல்கூட இல்லாத சிலேட்டு என்று பாராட்டினான். பச்சை அட்டையில் பெயருக்குக் கீழே 'உணர்வு: இல்லை' என்று அச்சாகி வந்தது.

ஒரு பொற்செவி, ஒரு புதுச்செவி. சுகுணா வேண்டாம், ஊட்டுக்குப் போலாமுங்க என்றாள். பாலகுமார்தான், ரெண்டு பேரும் ஒரே மைதானத்தில்தானே இருக்கப் போகிறோம் என்று பணத்தைக் கட்டினார். கிட்டத்தட்டப் பாதியை மிச்சம் பிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

*

பஸ்ஸில் வரும்போது சுகுணா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். குளிர் அடிக்கிறது, கண்ணாடியை இழுத்துவிடு என்று அவர் சொன்னதும் இழுத்துவிட்டு, அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். வெலிங்டன் தாண்டியபிறகு திரும்பினாள்.

"ஏனுங்க, அதெப்படிங்க உங்க காலு அசையவே இல்லை?"

"நடிச்சேன் புள்ள."

"எது நடிப்புங்க? இன்னைக்கு நடிச்சீங்களா, இல்ல இத்தனை வருசமா நடிச்சீங்களா?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று பாலகுமார் வாயைத் திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் வற்புறுத்தி, பெண்ணிடம் ஏதாவது கேளப்பா என்று தள்ளிவிட்டதும், அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "பனிமூட்டம் பாட்டெல்லாம் கேப்பீங்களா?" சமைக்கத் தெரியுமா என்று கேட்ட இரண்டு மாப்பிள்ளைகளை அதற்கு முன்னால் பார்த்திருந்த சுகுணா, இந்த ஒரு கேள்விக்காகத்தான் சரியென்றாள். அதை ரேஷ்மாவிடமே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பாட்டுக்கு ஒரு மனுசன் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்க முடியும் என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். பார்த்ததை எப்படிப் பார்க்காததாக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. சுடுதண்ணீர் நேரத்துக்கு வந்தது. பேச்சு மட்டும் வேண்டிய அளவுக்கு மேல் வரவில்லை. பாலகுமார் தன் பக்கத்து நியாயத்தைச் செயலில் காட்டலாம் என்று, ஒருநாள் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போனில் 'மலையேறி வா'வைப் போட்டு, தரையில் ஓங்கித் தாளம் தட்டினார். சுகுணா கரண்டியைக்கூட நிறுத்தவில்லை.

"இங்க மெசினு ஒண்ணும் இல்லையேங்க, யாருக்குத் தட்டறீங்க?" என்றாள்.

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் குன்னூர் ஹோட்டலுக்குப் போனார். தனக்கு உணர்வு உண்டு, அட்டையை மாற்றித் தர வேண்டும் என்று அஸ்வந்திடம் கேட்டார். எவ்வளவு ஆனாலும் கட்டுகிறேன் என்றும் சொன்னார்.

அஸ்வந்த் கேட்டதற்கு நன்றி சொன்னான். ஆனால் குரல் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. "பணத்துக்காக ஒருத்தர ரசிகர்னு நாங்க சொல்ல மாட்டோம் சார். எங்களுக்குன்னு ஒரு நேர்மை இருக்கு. மறு மதிப்பீட்டுக்கு வேணா பணம் கட்டுங்க."

கட்டினார். மறுபடி அதே நாற்காலி, அதே விரிப்பு, அதே பாட்டு. இந்த முறை கால் தட்ட வேண்டும். ஆனால் தட்ட வேண்டும் என்று நினைத்ததும் காலுக்கு எப்போது தட்டுவது என்று சந்தேகம் வந்துவிட்டது. எந்த யோசனையும் இல்லாமல் செருப்பு தொலையக் குதித்த கால், இப்போது ஒவ்வொரு தாளத்துக்கும் உத்தரவு கேட்டு நின்றது. உத்தரவு போய்ச் சேர்வதற்குள் தாளம் தாண்டிவிட்டது. மனிஷா பாவப்பட்டு, மெதுவாகத் தலையை ஆட்டிக் காட்டிக்கூடப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டு தட்டியதில் இன்னும் மோசமாயிற்று.

கணினி 'செயற்கைத் தட்டல்' என்றது.

"நீங்க விரும்பித் தட்டியிருக்கீங்க சார்" என்று அஸ்வந்த் விளக்கினான். "உண்மையான ரசிகர் விரும்பித் தட்ட மாட்டார். அதுவாத் தட்டும். பாருங்க, வர்றவங்க எல்லாரும் ஒண்ணுமே தோணலன்னு காட்டத்தான் வர்றாங்க. தோணுதுன்னு காட்ட வந்தது நீங்க ஒருத்தர்தான். அதுக்கு எங்க சிஸ்டத்துல கட்டமே இல்ல."

பாலகுமார் படியிறங்கி வந்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கிக் குடித்தார். டீக்கடை ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் தன் கால் தட்டவில்லை என்பதைக் கவனித்து, தனக்கு உண்மையிலேயே ஏதாவது போய்விட்டதா என்று பயந்தார். வீட்டுக்கு வந்து போன இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறு மதிப்பீட்டில் தோற்றதைச் சொல்வதைவிட, அதற்குப் போகவே இல்லை என்பது கௌரவமாகப் பட்டது.

*

கச்சேரியன்று இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். வாசலில் பிரித்துவிட்டார்கள். சுகுணாவின் மணிக்கட்டில் பொன்னிறப் பட்டை கட்டி, ஒரு பெண் கையைப் பிடித்துக் கண்ணாடிக் கூடாரத்துக்கு அழைத்துப் போனாள். பாலகுமாருக்குப் பச்சைப் பட்டை கட்டி, நேராகப் போகச் சொன்னார்கள். கூட்டிப்போக யாரும் இல்லை. சுகுணா திரும்பிப் பார்ப்பாள் என்று கொஞ்சம் நின்றார். போர்வை கொடுத்தார்கள், அவள் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

தேயிலைச் சரிவுக்கு மேலே இருந்த புல்வெளி. மேடைக்கு முன்னால் புதுச்செவி மண்டலம். காவலுக்குக் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஷிஜோ என்ற இளைஞன், தோளில் வாக்கிடாக்கியும் கையில் பணம் வாங்கும் மெஷினுமாக நின்றான். பூனைப் பாட்டுக்காக வந்த கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். மற்றபடி மண்டலம் முழுவதும் பாலகுமாரின் வயசு. நேற்று வரை நரைத்திருந்த தலைகள் இன்று கன்னங்கரேலென்று இருந்தன. குன்னூர் தபாலாபீஸில் பாதி அங்கே நின்றது. யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. லிங்கசாமி, தெரிந்த முகம் எல்லாவற்றிடமும் போய், "இன்னைக்குப் பாடறவங்க யாருங்க, நல்லாப் பாடுவாங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். காது மெஷின் காதில் இருந்தது.

விஜயபாஸ்கர் மேடைக்கு வந்தார். ஸ்வெட்டர், மஃப்ளர், மூக்குக் கண்ணாடி. பழைய தலைமுடி இல்லை. பக்கத்தில் பழைய மூன்று பேரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த அத்தனை பேருக்கும் விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. நிபந்தனைக்குப் பயந்து, யாரோ புது ஆட்களைப் பார்ப்பதுபோல் நாகரிகமாகக் கைதட்டினார்கள்.

முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. அந்த மண்டலத்தில் நடந்த அடக்குமுறையை எந்தச் சிறையிலும் பார்த்திருக்க முடியாது. உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே குரலில் "நல்லா இருக்கே" என்றார்கள். ஷிஜோ மெஷினோடு நடந்துகொண்டே இருந்தான். பாலகுமாருக்கு அந்தச் சிரமம் எதுவும் இல்லை. முட்டி வலித்தது. அவ்வளவுதான். பாட்டு காதில் விழுந்தது, எங்கோ போயிற்று. மனம் முழுவதும் பின்னால் இருந்த கண்ணாடிக் கூடாரத்தில் இருந்தது.

அதற்குள் பனி இறங்கத் தொடங்கியது. அப்போது 'மலையேறி வா' வந்தது.

*மழை நின்னு போச்சு, மலையேறி வா,*
*குடையெல்லாம் வேணாம், கையோடு வா...*

விஜயபாஸ்கர் அங்கே நின்றுவிட்டார். கிடார் ஒரு சுற்றுப் போயிற்று. அவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். கிடார் இன்னொரு சுற்று வந்தது. அவர் பக்கத்தில் திரும்பி, ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. மறதி. எந்த வயதிலும் வருவதுதான், ஆனால் அந்த வயதில் வந்தால் முகத்தில் ஒரு பயம் தெரியும். அது தெரிந்தது. கண்ணாடிக் கூடாரத்துக்குள் அத்தனை பொற்செவிகளும் அடுத்த வரியைக் கத்தினார்கள். கண்ணாடி நல்ல தரமானது, ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. முன்னால் இருந்தவர்களுக்கு அந்த வரி தெரியும். தெரியாது என்று பச்சை அட்டை வாங்கியிருந்தார்கள். ஷிஜோ மெஷினைத் தயாராகப் பிடித்தான்.

பாலகுமார் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பொற்செவியின் விலை ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

*கடைசி பஸ்ஸும் போனாப் போகட்டும் வா,*
*காலுக்கு வழி தெரியும், நீ பாட்டுக்கு வா...*

நல்ல குரல் என்று சொல்ல முடியாது. சுருதியும் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. ஆனால் பனிக்குள்ளே அது போய்ச் சேர்ந்தது. விஜயபாஸ்கர் குரல் வந்த பக்கம் பார்த்துக் கையை நீட்டி, அந்த வரியை வாங்கிக்கொண்டு பாடினார். கேமரா பாலகுமாரின் முகத்துக்கு வந்தது. அடுத்த வரியை லிங்கசாமி எடுத்தார். அதற்கடுத்த வரிக்குப் புதுச்செவி மண்டலமே வாயைத் திறந்துவிட்டது. கைக்குட்டைக்காரர் அழுதுகொண்டே பாடினார். முட்டிப் பட்டைகள் தெரியக் குதித்தார்கள்.

ஷிஜோ கடமை தவறாதவன். முதலில் பாடியவரிடம் முதலில் வந்தான். "சேட்டா, நீங்க பாடியல்லோ" என்றான் வருத்தத்தோடு. பாலகுமார் பாடிக்கொண்டே கார்டை எடுத்துக் கொடுத்தார். மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது. அதில் 'உணர்வு: உண்டு' என்று இருந்தது. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஷிஜோ அடுத்து லிங்கசாமியிடம் போனான். அவர், ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு நேரம் எடுத்துக்கிட்டா எப்ப முடிப்பே, நாங்க வரிசையில நிக்கறோம், நீ நிதானமா வா என்று ஆலோசனை சொல்லிவிட்டு, வரிசையையும் அவரே அமைத்தார். வரிசை பாடிக்கொண்டே நின்றது.

இதெல்லாம் கண்ணாடிக் கூடாரத்தின் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பொற்செவிகளோடு நிறுவனத்தில் பணம் போட்ட பெங்களூர்க்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்ததும் அஸ்வந்துக்கு நிலைமை புரிந்தது. இவ்வளவு பேர் நிறுவனத்தை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று அவன் அதிக நேரம் யோசிக்கவில்லை. கூடாரத்து மைக்கைப் பிடித்தான்.

"இப்ப நீங்க பார்க்கறது உலகத்துல எங்கயும் நடக்காதது" என்றான். "வாழ்க்கைல முதல் தடவையா இந்தப் பாட்டக் கேக்கறவங்க, ஒரு எழுத்து விடாமப் பாடறாங்க. இதுதான் நெஞ்சலையோட மதிப்பீடு. சரியான காதத் தேர்ந்தெடுத்தா, பாட்டு தானா உள்ள போயிடும்."

ஷிஜோவின் வாக்கிடாக்கியில் மெஷினை உள்ளே வை என்று உத்தரவு வந்தது. வரிசை கலைந்தது. அந்த மாலையில் உணர்வுக்காகப் பணம் கட்டிய ஒரே ஆள் பாலகுமார்தான்.

அவருக்கு அது தெரியாது. அவர் கண்ணாடிக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கதவு திறந்தது. போர்வையைத் தோளில் போட்டபடி சுகுணா வெளியே வந்து, ஈரப் புல்லில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, நேராகக் கயிறு கட்டிய இடத்துக்கு வந்தாள். குனிவதற்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

ஷிஜோ ஓடிவந்து மறித்தான். மெஷினை வைக்கச் சொன்னார்களே தவிர, கயிற்றைப் பற்றி அவனுக்கு உத்தரவு எதுவும் வரவில்லை. அவள் கையிலிருந்த பொன்னிறப் பட்டையைக் காட்டினான்.

"சேச்சி, இங்க நீங்க வரக்கூடாது. இது முதல் தடவ கேக்கறவங்களுக்கு உள்ள இடம். நீங்க எல்லாம் தெரிஞ்ச ஆளல்லோ."

"தெரிஞ்சிருந்துச்சு தம்பி. இப்பத்தான் எல்லாம் மறந்து போச்சு" என்றாள் சுகுணா. "இது என்ன பாட்டுன்னே தெரியலைங்க."

மேடையில் அடுத்த சரணம் தொடங்கியது. விஜயபாஸ்கர் வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்னாலேயே சுகுணாவின் உதடுகள் அந்த வரிக்குப் போய்விட்டன. ஷிஜோ அதைப் பார்த்தான்.

"சேச்சி, வாய் அசையுதே."

"வர்க்கி தம்பி. கூடாரத்துல குடுத்தாங்க, மென்னுட்டு இருக்கறேன்."

அவன் விலகி வழிவிட்டான். சுகுணா பாலகுமாருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. போர்வையின் ஒரு பாதியை எடுத்து அவர் தோளில் எறிந்தாள்.

"கொஞ்சந் தள்ளி நில்லுங்க" என்றாள். "மேடை தெரியலை."